மேவிஸின் தலைகீழ் என்ஜின்

பறக்கத் துடிக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "பூனைக்குட்டியைக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கும்" என்பாள் மேவிஸ் மால்ட்பி. கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் போன பிறகு அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். அங்கே இன்னும் ஏதோ நடுங்கிக்கொண்டிருப்பது போலிருக்கும்.

கல்யாணமாகி ஆல்டர்பிக்கு வந்த வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு அதுதான் வேலை. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் ஊருக்கு வெளியே கிடக்கிறது. சிமெண்டு வெடிப்புகளில் புல் முளைத்துவிட்டது. இருபுறமும் பார்லி வயல். அங்கே அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒரு சின்ன விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்வாள். இறக்கை விரித்தால் அவள் இரண்டு கையையும் நீட்டிய அகலம் இருக்கும். இடது இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் புல்லின்மேல் ஓடி, வட்டத்தின் நடுவில் நிற்கும் அவள் கணவன் கிளெமின் கைப்பிடியில் போய் முடியும். மூக்கில் எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு டீசல் என்ஜின். விசிறியை விரலால் சுண்டிவிட்டால், ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த புகையைக் கக்கிக்கொண்டு அது அலறத் தொடங்கும். கிளெம் தலையாட்டுவான். மேவிஸ் கையை விடுவாள். அதற்கப்புறம் விமானம் கம்பி நீளத்துக்கு அவனைச் சுற்றிச் சுற்றி வரும். அவன் மணிக்கட்டை நிமிர்த்தினால் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். விமானத்தோடு அவனும் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருப்பான். அவள் வட்டத்துக்கு வெளியே ஓடிவந்து நின்று பார்ப்பாள்.

சில நாள் தூக்கத்தில் மட்டும் அவள் விடமாட்டாள். வால் நடுங்கிக்கொண்டே இருக்கும். தூரத்தில் கிளெம் தலையாட்டிக்கொண்டே இருப்பான். இவள் பிடித்தது பிடித்தபடி இருப்பாள். மெல்ல மெல்ல அவள் முழங்கால் புல்லைவிட்டு எழும். புல்லின் ஈரம் மட்டும் பாவாடையில் ஒட்டியிருக்கும்.

வார நாட்களில் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் கஸ்டர்ட் ஊற்றுகிறவள். வரிசையில் வரும் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். "மிஸஸ் மால்ட்பி, உங்க மேல ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது."

"அது ஈதர் வாசனை, கண்ணு. தட்டை நேராப் பிடி, தூங்கிடாதே."

ஆல்டர்பி விமானக் கிளப்பில் மூன்று கட்சி உண்டு. தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் என்ஜினை எப்படி மாட்டுகிறார்கள் என்பதில் ஒளிவுமறைவே கிடையாது. கிளெம் நிமிர்ந்த கட்சி. என்ஜினின் தலை மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். சுண்டினால் கிளம்ப வேண்டும். அழகு கிழகெல்லாம் அப்புறம். கிளப் செயலாளரும் ஊர் நாவிதருமான பெர்சி காண்ட் கவிழ்ந்த கட்சி. என்ஜினைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மூக்கின் மேல்பக்கம் வழவழவென்று நிஜ விமானம் போல இருக்கும் என்பது அவர் வாதம். ஆனால் கிளப்புமுன் விமானத்தை மல்லாக்கப் போட்டுத்தான் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மல்லாக்கப் போட மறந்துபோனால் எண்ணெய் தலைக்குள் இறங்கித் தேங்கி, விசிறி நகராது. சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் வாலி ஸ்டப்ஸ் சாய்ந்த கட்சி. அவனுடைய என்ஜின்கள் எல்லாம் பக்கவாட்டில் படுத்துத் தூங்குகிறவை.

"தலைகீழாத் தொங்குறது வௌவாலுக்குத்தான் லாயக்கு, பெர்சி" என்பான் கிளெம், தேநீர்க் கொட்டகையில்.

"உன் விமானம் மூக்குல கட்டி வந்த மாதிரி இருக்கு. அதுக்கு வௌவால் எவ்வளவோ தேவலை."

"ரெண்டு பேரும் சண்டை போடுங்க. நான் சாய்ஞ்சு உக்காந்து வேடிக்கை பாக்குறேன்" என்பான் வாலி.

மேவிஸ் பிளம் ரொட்டியை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். மனசுக்குள் அவள் பெர்சி கட்சி. கிளெமின் விமானங்களின் மூக்கில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் தலை அவளுக்கு எப்போதும் உறுத்தும். சொன்னதில்லை. பிடிக்கிறவள்தானே, பறக்க விடுகிறவளா?

ஒரு செப்டம்பரில் கிளெம் வட்டத்தின் நடுவில் விழுந்தான். தொடர்ந்து மூன்று குட்டிக்கரணம் அடித்த விமானத்தை நிமிர்த்திவிட்டு, தானும் நிமிர்ந்தவன், வெட்டிய மரம் மாதிரி சாய்ந்தான். கைப்பிடி நழுவியது. விமானம் கம்பிகளை இழுத்துக்கொண்டே தேநீர்க் கொட்டகையின் தகரச் சுவரில் போய் மோதி, தீப்பெட்டிச் சில்லுகளாக உதிர்ந்தது. அப்போதுதான் அந்தச் சுவரோரம் இருந்த பிள்ளைகள் பன்னுக்காக உள்ளே போயிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளெம் புல்லை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கிடந்தான், பூமி தன்னை உதறிவிடும் என்பதுபோல.

காதுக்குள் இருக்கிற ஏதோ கெட்டுவிட்டது என்றார் டாக்டர். தலை சுற்றல் வரும், போகும். சுழலுகிற வேலை எதுவும் கூடாது. டிராக்டர் பட்டறையில் அவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்தார்கள். வேலைக்குப் போனான், வந்தான். ஓடுதளத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. அவர்கள் வீடு ஓடுதளம் முடியும் இடத்திலேயே இருந்தது. முன்னறை ஜன்னலைத் திறந்தால் வட்டம் தெரியும். கிளெம் தன் நாற்காலியைத் திருப்பி, அடுப்படியைப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டான்.

வசந்தம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி என்ஜின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் ஒருநாள் சொன்னான்: "எல்லாத்தையும் கிளப்புக்குக் குடுத்துடு, மேவிஸ். கண்ணுல படாம இருந்தாப் போதும்."

"அதுக்குத்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டியே."

"காதுல விழுதே."

"காதைத் திருப்பிப் போட முடியாதுதான்."

அவன் சிரிக்கவில்லை. பழைய கிளெமாக இருந்தால் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பு வராத இடத்தில்தான் மேவிஸுக்குப் பயம் பிடித்தது. வலி வந்தால் மனுஷன் முனகுவான், கத்துவான். இவன் சும்மா இருந்தான். வீட்டுக்குள் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருப்பது போலவும், ஒருநாள் அந்த நாற்காலியில் அவன் சட்டை மட்டும் உட்கார்ந்திருக்கும் போலவும் அவளுக்குத் தோன்றியது.

"கிளப்போட ஆகஸ்ட் விழா வரைக்கும் பொறு" என்றாள். "நீ பாதியில விட்ட அந்த நீல விமானத்தை நான் முடிக்கிறேன். விழாவுல நானே பறக்க விடுறேன். அன்னிக்கு நீ வட்டத்துக்கு வரணும். வரலேன்னா மறுநாளே பெர்சி வேன் கொண்டாரட்டும், எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகட்டும். நானும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"நீயா? நீ பிடிக்கிறவடி."

"பிடிச்சுப் பிடிச்சு கை மரத்துப்போச்சு."

"நான் வரமாட்டேன்."

"அதை ஆகஸ்ட்ல பாக்கலாம்."

அவள் பறக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளப்பில் எல்லோரும் உடைத்து உடைத்து ஒட்டிய ஒரு பழைய பயிற்சி விமானம் இருந்தது. அவளும் உடைத்தாள், ஒட்டினாள். முதல் வாரம் தலை சுற்றி, வட்டத்தைவிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தாள். பிறகு ஒரு நாள் சுற்றுவது நின்றுவிட்டது. அவள் நிற்கிறாள், விமானமும் நிற்கிறது. பார்லி வயலும் கொட்டகையும் தேவாலயக் கோபுரமும்தான் அவர்களைச் சுற்றி நீரோட்டம் போல வழிந்துபோகின்றன. எவ்வளவு அமைதி! இத்தனை வருஷமாக இவன் இதற்குள்தானா இருந்தான் என்று நினைத்தாள். அதைவிட்டு வெளியே விழுந்தவன் எங்கே போவான்?

நேராகப் பறக்க வந்தது. தலைக்கு மேலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டிப் பறக்கவும் வந்தது. ஒற்றைக் குட்டிக்கரணமும் வந்தது. கவிழ்ந்து பறப்பது மட்டும் அவள் தொடாத விஷயம். மல்லாந்த விமானத்துக்கு மேல் கீழாகிவிடும், கீழ் மேலாகிவிடும். ஏற்றுவதாக நினைத்து மணிக்கட்டை நிமிர்த்தினால் நேரே தரையில் குத்தும்.

நீல விமானத்தின் உடம்பைக் கிளெம் முடித்திருந்தான். அவன் தகரம் மடித்துப் பற்றவைத்த எண்ணெய்த் தொட்டி மூக்குக்குள் இருந்தது; அதன்மேல் பலகை ஒட்டி, இழைத்து, மூடியும்விட்டான். மேவிஸ் இறக்கைக்குப் பட்டு ஒட்டி, வார்னிஷ் பூசினாள். கடைசியில் என்ஜின். மூக்கில் இரண்டு பீச் மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதே துளைகளில் என்ஜினை மேலிருந்து உட்கார வைக்கலாம்; கீழிருந்து தொங்கவும் விடலாம்.

அவள் தொங்கவிட்டாள்.

ஆசை பாதி, குறும்பு பாதி. தன் என்ஜினை, தன் விமானத்தில், வௌவால் மாதிரி தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் கிளெமுக்கு ரத்தம் கொதிக்கும், வாயைத் திறப்பான், திட்டவாவது திட்டுவான். மேல்பக்கத்தைப் பலகை வைத்து மூடி இழைத்து, இரண்டாம் முறை நீலம் பூசி, அடுப்படி மேசையில் அவன் கண்ணெதிரே வைத்தாள். மூக்கு மீன் மூக்கு மாதிரி வழவழவென்று இருந்தது.

கிளெம் பார்த்தான். தேநீர்க் கோப்பையை அதன் இறக்கை படாத இடத்தில் வைத்தான்.

"உன் விமானம். உன் இஷ்டம்" என்றான்.

அன்று அவள் பாத்திரம் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட்டபடி சும்மா நின்றாள்.

கொட்டகையில் பெர்சி மட்டும் துள்ளிக் குதித்தார். "வா வா வா! கடைசியில மால்ட்பி வீட்லயும் ஒருத்திக்குக் கண் தெறந்துடுச்சு!"

"பாவம் கிளெம்" என்றான் வாலி. "தலைதான் சுத்துதுன்னு நெனச்சேன். வீடே கவுந்துபோச்சு."

ஆனால் விமானம் சரியாக வரவில்லை. ஊசித் திருகை இறுக்கி எண்ணெயைக் குறைத்தால் நேராகப் பறக்கும்போது என்ஜின் நன்றாக ஓடும்; தலைக்கு மேல் தாண்டும்போது உச்சியில் மூச்சு நின்றுபோகும். திருகைத் தளர்த்திவிட்டால் உச்சியில் நிற்காது. ஆனால் நேராகப் பறக்கும்போதெல்லாம் சளி பிடித்த கிழவன் மாதிரி கரகரவென்று இருமிக்கொண்டு, புகையும் எண்ணெயுமாக வழியும்.

"ஈரக்காத்து. வேறொண்ணும் இல்லை" என்றார் பெர்சி.

"தொங்கவிட்டா அப்படித்தான் இருமும். படுக்கப் போடு, சரியாப்போயிடும்" என்றான் வாலி.

விசிறியை மாற்றினார்கள். எண்ணெய்க் கலவையை மாற்றினார்கள். ஊசியைக் கழற்றி ஊதினார்கள். மூடிய பலகைக்குள் இருந்த தொட்டியைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் ஒரு நினைப்பும் வரவில்லை. அது கிளெம் மால்ட்பி கையால் வைத்த தொட்டி. அதில் என்ன இருக்கப்போகிறது?

வேறு வழியில்லாமல் இருமலோடே பறப்பது என்று மேவிஸ் முடிவு செய்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீடு திரும்பும்போது கிளெம் நாற்காலியில் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்திருப்பான். கைகள் இரண்டும் நாற்காலிக் கையை அழுத்திக்கொண்டிருக்கும்.

"சத்தம் கேட்டுச்சா?" என்பாள்.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சு" என்பான்.

விழா அன்று காலையில் கடலிலிருந்து வெள்ளைப் பனிமூட்டம் வயல்கள் வழியாக வந்துவிட்டது. ஆகஸ்டில் சில நாள் அப்படி வரும். சூரியன் மேலே எங்கோ பால் கிண்ணம் போலத் தெரிந்தது. தேவாலயக் கோபுரம் பாதியில் நின்றது. ஓடுதளத்தின் முனையும் அங்கிருந்த அவள் வீடும் இல்லாமலே போய்விட்டன. ஜனங்கள் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, வட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். பேச்செல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

வருஷா வருஷம் முதல் பறப்பு மால்ட்பி தம்பதியுடையது. அன்றும் பெர்சி ஒலிபெருக்கியில், "மால்ட்பி" என்று ஆரம்பித்து, ஒரு நொடி நிறுத்தி, "மிஸஸ் மால்ட்பி" என்றார். அவரே வந்து வாலைப் பிடித்துக்கொண்டார். வாலி விமானத்தை மல்லாக்கப் போட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, திருப்பி வைத்து, விசிறியைச் சுண்டினான். என்ஜின் இருமிக்கொண்டே எழுந்தது.

மேவிஸ் நடுவில் நின்றாள். வீடு இருக்க வேண்டிய திசையைப் பார்த்தாள். வெள்ளை. தலையாட்டினாள்.

விமானம் இருமியபடியே சுற்றியது. அவள் இரண்டு சுற்றுவிட்டு, தலைக்கு மேலாக ஒருமுறை தாண்டினாள். உச்சியில் அந்தக் கரகரப்பு சட்டென்று விலகி, மெல்லிய தெளிவான ஓர் ஒலி வந்தது. கீழே வந்ததும் மறுபடி இருமல். இன்னொரு முறை தாண்டினாள், அந்த ஒலிக்காகவே. பிறகு குட்டிக்கரணத்துக்கு இழுத்தாள். விமானம் ஏறி, மல்லாந்தது. இருமல் நின்று என்ஜின் பாடத் தொடங்கியது. எத்தனையோ வருஷமாக, கிளெமின் விமானங்களின் வாலைப் பிடித்தபடி, கையாலேயே அவள் கேட்டிருந்த அதே பாட்டு. அதை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. மணிக்கட்டு தானாக நேரானது.

நேரானது என்றால், விமானம் குட்டிக்கரணத்தை முடிக்கவில்லை. பாதியில், மல்லாந்தபடியே, வந்த திசைக்கு எதிர்த் திசையில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன. தொங்கிக்கொண்டிருந்த என்ஜின் இப்போது தலைநிமிர்ந்து நின்றது, கிளெமுக்குப் பிடித்த மாதிரி.

ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். பெர்சி கைதட்டவில்லை. வாலி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மேவிஸ் கையை அசைக்கவில்லை. அசைத்தால் எந்தப் பக்கம் அசைப்பது? மேலே என்று நினைப்பது கீழே. கீழே என்று நினைப்பது... மனசு அதற்குமேல் போகவில்லை. கால்கள் பழகாத திசையில் பின்னிப் பின்னித் திரும்பின. வெள்ளைக்குள் நீலம் வந்து வந்து போனது. பாட்டு மட்டும் ஒரே நூலாக இழுபட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் தீர்ந்தால் விமானம் முதுகிலேயே வந்து புல்லில் உரசிச் சிதறும். சிதறினால் நாளைக்கு வேன் வரும். அதை நினைத்தபோதுகூட அவளுக்கு அழுகை வரவில்லை. கனவில் போல, இப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது. விடாமல் இருந்தால் போதும்.

கயிற்றோரத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பனிமூட்டத்திலிருந்து ஒரு மனிதன் நாலு காலில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். வேட்டைநாய் மாதிரி தலையைத் தாழ்த்தி, தரையை மட்டும் பார்த்தபடி, கம்பிகளுக்கு அடியில் புகுந்து, நேரே வட்டத்தின் நடுவுக்கு வந்து, அவள் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கிளெம்!"

"என்னைப் பாக்காதே. அதைப் பாரு."

"எனக்கு இதைத் திருப்பத் தெரியாது."

"தெரியும், உனக்குத் தெரியாதுன்னு. சுவரெல்லாம் தாண்டிக் கேக்குது." அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, கன்னத்தில் காற்றைத் தேடினான். "காத்து நம்ம முதுகுல அடிக்கிற பக்கத்துல வச்சுத்தான் திருப்பணும். நான் சொல்றப்போ கையைத் தாழ்த்து."

"தாழ்த்தினா கீழ போயிடுமே!"

"அது மல்லாந்திருக்கு மேவிஸ். நீ தரையைக் காட்டு, அது வானத்துக்குப் போகும்."

"நிச்சயமா?"

"இத்தனை வருஷத்துல உங்கிட்ட எதுல பொய் சொல்லியிருக்கேன்?"

"போன ஞாயிறுகூட ஜன்னல் சாத்தியிருந்துச்சுன்னே."

கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. விமானம் அவர்களைச் சுற்றி வந்தது. அவன் கண் திறக்காமலே, சத்தம் வருகிற பக்கமெல்லாம் விரலை நீட்டி அதைப் பின்தொடர்ந்தான். தலை மட்டும் அசையவில்லை.

"வருது... வருது... இப்ப. தாழ்த்து!"

உடம்பு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றது. அவள் மணிக்கட்டைத் தரையைப் பார்க்கத் தாழ்த்தினாள். நீல விமானம் சக்கரங்களைக் காட்டிக்கொண்டே வெள்ளைக்குள் ஏறி, உச்சியில் புரண்டது.

"நேராக்கு."

நேராக்கினாள். மேலே எங்கோ பாட்டு நின்று, இருமல் திரும்ப வந்தது. இவ்வளவு அழகான இருமலை அவள் கேட்டதே இல்லை.

எண்ணெய் தீரும்வரை மெதுவாகச் சுற்றி, விசிறி நின்றதும் இறக்கினாள். சக்கரங்கள் புல்லைத் தொட்டு, இரண்டு முறை எம்பி, ஓடி நின்றன. ஜனங்கள் சத்தம் போட்டார்கள். மேவிஸ் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு கிளெமுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். 

"தொட்டி" என்றான் கிளெம், இன்னும் கண் மூடியபடி.

"என்ன தொட்டி?"

"என்ஜினு தலை நிமிர்ந்திருந்தா எண்ணெய் குடிக்கிற வாயும் மேலே இருக்கும். அதுக்குச் சரியா தொட்டியை மேலே வச்சேன். நீ தலையைக் கவுத்தே. வாய் கீழ போயிடுச்சு. தொட்டி மட்டும் மாடியிலேயே இருக்கு. நேராப் பறந்தா மேலேருந்து வாய்க்குள்ள கொட்டுது, திணறுது. கவுந்து பறந்தா தொட்டி கீழ. உறிஞ்சித்தான் குடிக்கணும், அதனால அளவாக் குடிக்குது. அதான் அப்பப் பாடுது."

மேவிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் நாளே."

"முதல் நாளே!" அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "நாங்க எல்லாரும் ஊசியை ஊதி ஊதிச் செத்தோம். ஏன்டா சொல்லலே?"

"சொன்னா வரவேண்டியிருக்குமே" என்றான் கிளெம். "ஒரு வார்த்தை சொன்னேன்னா மறுவார்த்தை சொல்லணும். அப்புறம் கழட்டிக் காட்டணும். அப்புறம் இங்க வந்து நிக்கணும். விழுந்த இடத்துல." உள்ளங்கையால் புல்லைத் தடவினான். "இன்னிக்கு வாசல் வரைக்கும்தான்னு வந்தேன். அப்புறம் வேலி வரைக்கும்தான்னு. பாட்டு நிக்கவே இல்லை. நீ மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சுது. நடந்தா விழுந்துடுவேன். அதான் தவழ்ந்தேன்."

வாலி ஓடிவந்தான். "கிளெம், ராஜா மாதிரி வந்து எறங்கினே போ! என் நாய்கூட இவ்வளவு அழகா வராது."

"உன் நாயும் சாய்ஞ்சுதானே நடக்கும்" என்றான் கிளெம். கண்ணைத் திறந்தான். முதலில் புல்லைப் பார்த்தான், பிறகு மேவிஸின் காலணியை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தை. தலை சுற்றவில்லை போலிருக்கிறது. சுற்றியிருந்தாலும் சொல்லவில்லை.

பெர்சியின் வேன் மறுநாள் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நீல விமானம் அடுப்படி மேசையில் கிடந்தது. கிளெம் சவரக் கத்தியால், தானே ஒட்டி இழைத்த பலகையைத் தானே அறுத்துத் திறந்தான். என்ஜினை நிமிர்த்தி வைக்கப்போகிறான் என்றுதான் மேவிஸ் நினைத்தாள். அதற்கு என்ன சண்டை போடுவது என்று மனசுக்குள் தயாராகவும் இருந்தாள். அவன் என்ஜினைத் தொடவில்லை. தொட்டியைப் பெயர்த்து, கீழே இறக்கி, தொங்குகிற வாய்க்கு நேராக வைத்து, கண்ணை ஒருக்களித்து மட்டம் பார்த்தான்.

"மேல்மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான், யாரிடமோ சொல்வது போல.

"என்ன சொன்னே?"

"பெர்சிகிட்ட சொல்லித் தொலைக்காதே."

செப்டம்பர் முதல் ஞாயிறு வெயிலாக இருந்தது. பார்லி அறுத்தாகிவிட்டது, வயலில் மிஞ்சிய தாள்கள் மினுங்கின. அவள் கைப்பிடியை எடுத்துக்கொண்டு நடுவுக்கு நடந்தாள். கிளெம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, முதல் தடவையாக, ஒரு விமானத்தின் வாலைப் பிடித்தான். பிடிக்கிறவன் சுழல வேண்டியதில்லை. வாலி சுண்டினான். என்ஜின் இருமலே இல்லாமல் எழுந்தது.

மேவிஸ் தலையாட்டினாள்.

கிளெம் விடவில்லை. அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைக் கொஞ்சம் திறந்திருந்தான். கைகளுக்குள் இருந்த நடுக்கம் தோள்வரை ஏறியிருந்தது.

அவள் மறுபடி தலையாட்டினாள். "விடு, கிளெம்!"

"கொஞ்சம் இரு" என்று கத்தினான் அவன். "இதைப் பத்தி நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே!"

அவள் சிரித்துக்கொண்டே கைப்பிடியோடு நின்றாள். அவசரம் ஒன்றுமில்லை. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தது.